ஆற்றுக்கு நீலக்கோடு, மேட்டுக்கு என்ன குறி?

திருநெல்வேலிப் பிள்ளைகளுக்குத் தாமிரபரணி நன்றாகத் தெரியும். ஆனால் வரைபடத்தைக் காட்டி, "ஆறு எங்க இருக்கு?" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகள் விழிப்பார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் ஆறு ஊருக்குள் புகுந்ததைப் பார்த்த மாவட்டம் இது. மேடு எது, பள்ளம் எது என்று பிள்ளைகளும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு உதவும் வரைபடக் குறியீடுகளைப் பள்ளியிலோ வீட்டிலோ நான்கு படிகளில் சொல்லித்தரலாம்.

1. மேலிருந்து பார்ப்பது
தரையில் ஒரு டம்ளரை வைத்து, நேர் மேலே நின்று குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். "வட்டமா தெரியுது!" என்பார்கள். வரைபடமும் இப்படி மேலிருந்து பார்ப்பதுதான்.

2. பொருள் வைத்து ஊர் அமைப்பது
நீல ரிப்பன்தான் ஆறு. குறுக்கே வைக்கும் தீப்பெட்டி, 1843-இல் கட்டப்பட்ட சுலோசன முதலியார் பாலம். ஒரு கரையில் நெல்லையப்பர் கோயிலுக்கு ஒரு புளியங்கொட்டை, மறுகரையில் பாளையங்கோட்டைக்கு ஒரு சோழி. குறுக்குத்துறை முருகன் கோயிலை ஒரு பிள்ளை ரிப்பன் மேலேயே வைத்தால், "தப்பு" என்று சொல்லிவிடாதீர்கள். அந்தக் கோயில் ஆற்றுக்குள்தான் இருக்கிறது. வெள்ளத்தில் மூழ்குவதும் அதனால்தான்.

3. குறி போடுவது
இனி பொருள்களை எடுத்துவிட்டு, அவரவர் விருப்பப்படி தாளில் குறி போடட்டும். பிறகு தாள்களை மாற்றிக் கொடுங்கள். "டீச்சர், இவன் போட்ட முக்கோணம் கோயிலா, மலையா?" என்று சண்டை வரும். வரட்டும். எல்லாரும் ஒரே குறி போட்டால்தான் அடுத்தவருக்குப் புரியும் என்பது அப்போதுதான் விளங்கும். தாளின் ஓரத்தில் கட்டம் போட்டு, எந்தக் குறி எதற்கு என்று எழுதச் சொல்லுங்கள். 1767-இல் தொடங்கிய இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்களில் நீருக்கு நீலம், காட்டுக்குப் பச்சை, குடியிருப்புக்குச் சிவப்பு என்பதையும் சொல்லுங்கள்.

4. பயன்படுத்துவது
வீட்டிலிருந்து பள்ளி வரை உள்ள வழியை வரைந்து, வாய்க்கால், பாலம், மேடான கட்டடம் ஆகியவற்றுக்குக் குறி போடட்டும். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களோடு ஒருமுறை நடந்து சரிபாருங்கள். பிறகு, "ஆறு பெருகினா இந்த வழியில போலாமா?" என்று கேளுங்கள். நீலக்கோட்டைத் தாண்டாமல் மேட்டுக்குப் போகும் வழியை விரல் வைத்துக் காட்டினால், குறியீடு புரிந்துவிட்டது.

ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: வெள்ள நேரத்தில் பிள்ளைகள் தனியே கிளம்பக் கூடாது, பெரியவர்களோடுதான் போக வேண்டும். படத்தின் மூலையில் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-ஐ எழுதி, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வீட்டுச் சுவரில் ஒட்டிவையுங்கள்.