கத்தியும் உறையும்

நொதி என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது உணவுச் செரிமானமே. உமிழ்நீரில் அமைலேஸ், இரைப்பையில் பெப்சின் என்று பள்ளிப் பருவத்திலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். ஆனால் நம் வெள்ளணுக்களும் நொதிகளைச் சுரக்கின்றன. அவை கட்டுமீறினால் நம் உடலையே அரித்துவிடும். இதை நான் அறிந்தது என் தாத்தாவின் நோயால்தான். நாற்பது ஆண்டுகள் பீடி பிடித்தவர் அவர். கடைசி நாட்களில் திண்ணையிலிருந்து கிணற்றடிக்குப் போவதற்குள் இருமுறை உட்கார்ந்து மூச்சு வாங்குவார். ‘எம்பசீமா’ என்றார் மருத்துவர். அச்சொல்லின் பொருளைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

கத்தி

நுரையீரலில் கிருமியோ புகையோ புகுந்தால் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் அங்கே விரைகின்றன. இப்போராட்டமே அழற்சி எனப்படுகிறது. இவ்வணுக்கள் தம் துகள்களில் சேமித்து வைத்துள்ள எலாஸ்டேஸ் என்னும் நொதியை வெளியிடுகின்றன. அது பாக்டீரியாவின் புரதங்களைத் துண்டிக்கிறது. ஆனால் கத்திக்கு நண்பன், பகைவன் என்ற வேறுபாடு தெரியுமா? காற்று நுண்ணறைகள் விரிந்து சுருங்க உதவும் எலாஸ்டின் என்னும் மீள்புரதத்தையும் அது வெட்டிவிடும். அறைகளின் சுவர் அழிந்து, மூச்சுக்காற்று முழுதும் வெளியேற முடியாமல் தேங்கும் நிலையே எம்பசீமா.

உறை

இதைத் தடுக்கவே கல்லீரல் ஆல்பா-1 ஆன்டிடிரிப்சின் என்னும் புரதத்தை இரத்தத்தில் சுரக்கிறது. இது எலிப்பொறி போன்றது. இதில் 358-ஆம் இடத்திலுள்ள மெத்தியோனின் என்னும் அமினோ அமிலமே இரை. எலாஸ்டேஸ் அங்கே கடித்தவுடன் பொறி விழுகிறது. நொதி உருக்குலைந்து செயலிழக்கிறது.

1963-இல் சுவீடன் நாட்டு மால்மோ நகரில் லாரெல், எரிக்சன் என்ற இருவர், ஏறத்தாழ 1500 இரத்த மாதிரிகளின் புரதங்களை மின்புலத்தில் பிரித்துப் பார்த்ததில், ஐந்தில் ஆல்பா-1 பட்டையைக் காணவில்லை. அந்த ஐவரில் மூவருக்குக் கடுமையான நுரையீரல் நோய் இருந்தது. பிறவியிலேயே உறையில்லாதவர்கள் அவர்கள்.

என் தாத்தாவுக்கு அப்பிறவிக் குறை இருந்ததா என்று யாரும் சோதிக்கவில்லை. ஆனால் பீடிப்புகை ஒன்றே இரு கேடுகளையும் செய்யவல்லது. வெள்ளணுக்களை வரவழைத்துக் கத்திகளைப் பெருக்குகிறது. மெத்தியோனினை ஆக்சிஜனேற்றம் செய்து பொறியின் இரையையும் கெடுக்கிறது.

ஒவ்வாமையில்

குளவி கொட்டி ஒருவர் ஒவ்வாமையால் மயங்கி விழும்போது, மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினுடன் டிரிப்டேஸ் என்னும் நொதியையும் கொட்டுகின்றன. இதன் நான்கு அலகுகள் வளையமாய்ச் சேர்ந்து, வெட்டும் முனைகள் உட்புறம் நோக்கியிருப்பதால், பெரிய தடுப்புப் புரதங்கள் உள்ளே நுழைய இயலாது. ஹெப்பாரினை விட்டுப் பிரிந்தால் வளையம் கலைந்து செயலிழக்கும். சில மணி நேரத்திற்குள் எடுத்த இரத்தத்தில் இதன் அளவு உயர்ந்திருப்பது, நேர்ந்தது கடும் ஒவ்வாமையே என உறுதி செய்ய மருத்துவர்களுக்கு உதவுகிறது.

முடிவுரை

ஆகவே, நொதி நமக்குப் பகையன்று. கட்டுப்பாடு இழந்த நொதியே பகை. இடைவேளையில் வண்டி நிறுத்துமிடத்தின் பின்னால் புகைக்கும் நண்பர்களே! வளர்ந்தவரின் நுரையீரலில் அறுந்த எலாஸ்டின் முன்போல் மீண்டும் பின்னப்படுவதில்லை. நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டே தாத்தா காலமானார். அவரிடம் இதைச் சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. உங்களிடமாவது சொல்லிவிட்டேன்.