முதற் செலவு பிறேக்குக்கே

அன்புள்ள கலஹா வாசகருக்கு,

அப்பா விட்டுப்போன மொறிஸ் மைனரை இன்னும் இருபது வருடமாவது ஓட்ட வேண்டும், அதற்கு முதலில் எஞ்சினை இறக்கிச் செய்வதா, பெயின்ற் அடிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் பொறுக்கட்டும். கையிலுள்ள பணத்தைப் பிறேக்குக்கும் முன்சக்கரங்களுக்கும் முதலில் செலவழியுங்கள்.

பேராதனையிலிருந்து ஹிந்தகல வழியாக ஏறிவரும் உங்கள் பாதையை நினைத்தே சொல்கிறேன். ஏற்றத்தில் எஞ்சின் களைத்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். இறக்கத்தில் பிறேக் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் பிறேக் ஒரே தொடர். எந்த மூலையில் கசிந்தாலும் எல்லாமே போய்விடும், மிஞ்சுவது ஹேண்ட்பிறேக் மட்டும். கால்பிறேக்கின் மாஸ்டர் சிலிண்டரோ சாரதியின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே மறைந்திருக்கிறது. கண்ணில் படாததால் வருடக்கணக்கில் யாரும் அதைத் திறப்பதில்லை. இன்றே கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள்.

பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 எண்ணெய் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு நீர் சேர்ந்தால் 140 பாகையிலேயே கொதித்துவிடக்கூடும். நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, எண்ணெயில் குமிழி எழுந்து, மிதித்த கால் தரைவரை போய்விடும். மழையும் பனிமூட்டமும் உள்ள உங்கள் ஊரில், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெயை முழுதாக மாற்றுங்கள். கூடவே றப்பர் குழாய்களையும் வளைத்துப் பார்த்து, வெடிப்புத் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. பெற்றோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்கள் மலைநாட்டில் இருக்கிறார்கள். தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

முன்சக்கரம் திரும்பும் தண்டின் மேலும் கீழும் மரைபோட்ட பாகங்கள் உண்டு. ட்ரனியன் என்பார்கள். அலெக் இஸிகொனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இந்த அருமையான வண்டியின் பலவீனம் அங்கேதான். கிரீஸ் வற்றினால் மரை தேயும். தேய்ந்தது வெளியே தெரியாது. ஒருநாள் சக்கரம் அப்படியே மடிந்து விழும். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, ஜாக் வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடிக்கச் சொல்லுங்கள். வண்டியின் பாரம் சக்கரத்தில் இருக்கும்போது அடித்தால் கிரீஸ் சேரவேண்டிய இடத்துக்குச் சரியாகச் சேராது. அவசரத்தில் இதைத் தவறவிடுகிற கராஜ்கள் உண்டு, அதனால் பக்கத்தில் நின்று பாருங்கள்.

எஞ்சினைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இல் நின்றுவிட்டது. ஈயத்தை நம்பிச் செய்யப்பட்ட வால்வு இருக்கைகள் அதன்பின் மெல்லத் தேயும், அப்போது வால்வு இடைவெளி குறையும். குளிர்ந்த எஞ்சினில் அது 0.012 அங்குலம் இருக்கிறதா என்று அவ்வப்போது அளந்தால் போதும். என்றாவது சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் கடினமான இருக்கைகளைப் போட்டுக்கொள்ளலாம். சூடேறுகிறது என்று தேர்மோஸ்டட்டைக் கழற்றி எறியச் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். கலஹாவின் காலைக் குளிரில் அது இல்லாத எஞ்சின் சூடாகவே நேரமெடுக்கும், தேய்மானமும் கூடும். சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் அடைபட்ட றேடியேற்றர்தான். அதைச் சுத்தம் செய்து, வெறும் தண்ணீருக்குப் பதில் கூலண்ட் ஊற்றுங்கள்.

பாகங்கள் கிடைக்குமா என்று கவலைப்பட்டிருந்தீர்கள். பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட வண்டி இது, பாகங்களுக்கு இன்றும் சந்தை இருக்கிறது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், ஒரு வண்டியைப் பேணிப் பேணித் தலைமுறைக்கு வைத்துக்கொள்வதே சிக்கனம் என்று வாதிட்டவர். 1990களில் அவர் இந்த வண்டிக்கான உடற்தகடுகளை நம் இலங்கையிலேயே செய்வித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அந்தக் கைத்திறன் இந்த மண்ணில் இருந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. கண்டியில் கிடைக்காததைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடுங்கள். ஆனால் பிறேக் றப்பர்களை மட்டும் பழையதாக வாங்காதீர்கள்.

வண்டியை மாற்றும் யோசனையும் வேண்டாம். 2020 மார்ச்சில் இலங்கையில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. திறந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலையைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் அப்பாவின் வண்டியை விற்றுவிட்டு அதே பணத்துக்கு நம்பகமான வேறொன்று வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒரு கொப்பியில் திகதி, மைல், செய்த வேலை மூன்றையும் எழுதி வாருங்கள். அடுத்த மழைக்கு முன் பிறேக் எண்ணெயை மாற்றிவிட்டு, மாஸ்டர் சிலிண்டர் என்ன நிலையில் இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். எஞ்சினைப் பற்றி அதன்பின் பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்