ஃபெரெட் வளர்ப்பு: விலை வேறு, செலவு வேறு

எங்கள் வீட்டில் பச்சை அட்டை போட்ட ஒரு ஃபைல் இருக்கிறது. ஏழு வருடத்து விலங்கு மருத்துவ ரசீதுகள் எல்லாம் அதில்தான். நியூஜெர்சியில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் ஃபெரெட் வேண்டும் என்று அடம்பிடித்தால் எனக்கு போன் வரும். "அக்கா, நாய் மாதிரி வாக்கிங் கூட்டிட்டுப் போக வேண்டாமாமே, பாதி நாள் தூங்குமாமே, செலவு கம்மிதானே?" என்று கேட்பார்கள். வீட்டுக்கு வரச்சொல்லி, காபி கொடுத்து, அந்த ஃபைலை எடுத்து முன்னால் வைப்பேன். வாங்காதீர்கள் என்று சொல்வதற்காக இல்லை. தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

2019 கோடையில் கும்பகோணத்திலிருந்து வந்த என் மாமியார், சோபாவுக்கடியில் ஓடிய எங்கள் ஃபெரெட் மிளகைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனார். "என்னம்மா இது, கீரியைப் பிடிச்சு வீட்டுக்குள்ள விட்டிருக்கே!" அச்சு அசல் கீரிப்பிள்ளைச் சாயல்தான். ஆனால் கீரிக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. காவிரியில் நீந்தும் நீர்நாய்தான் இதற்குப் பங்காளி. ஐரோப்பாவின் போல்கேட் என்ற காட்டு விலங்கைப் பழக்கி, முயல் வளைக்குள் விட்டு முயல் விரட்ட ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வளர்த்துவந்த இனம் இது. ஃபெரெட் என்ற பெயருக்கே லத்தீன் மூலத்தில் குட்டித் திருடன் என்று பொருள். ஒரு நவராத்திரியில் கொலுப்படியிலிருந்து செட்டியார் பொம்மையின் கடைச் சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. புத்தக அலமாரிக்குப் பின்னால் அத்தனையும் இருந்தன. கூடவே மகளின் ஒற்றைக் கொலுசு, என் கார் சாவி, மூன்று சாக்ஸ்.

மிளகை 2017 அக்டோபரில் ஒரு கடையில் 250 டாலருக்கு வாங்கினோம். இரண்டடுக்குக் கூண்டு 280. தொங்கு படுக்கை, மலத்தட்டுகள், தூக்கிச் செல்லும் பெட்டி என்று இன்னொரு 120. ஆக, முதல் நாளே 650 டாலர். நியூஜெர்சியில் ஃபெரெட் வைத்திருக்க மாநில வனவிலங்குத் துறையின் அனுமதி வேண்டும். அதற்கான கட்டணம் சொற்பம். மறு வருடம் மிளகுக்குத் துணையாக ஒரு காப்பகத்திலிருந்து பஞ்சுவைத் தத்தெடுத்தோம். வெள்ளை ரோமம், சிவப்புக் கண், அப்போது ஒரு வயதுப் பெண். ஃபெரெட் கூட்டமாக இருக்கப் பிரியப்படும். ஒற்றையாக வைத்தால் அதன் முழு விளையாட்டுத் துணையும் நீங்கள்தான். இரண்டாவதைத் தத்தெடுப்பதே என் யோசனை. காப்பகத்தில் அதன் குணத்தையும் நோய் வரலாற்றையும் சொல்லித்தான் கொடுப்பார்கள்.

இரண்டுக்கும் சேர்த்து உணவு மாதம் 40 டாலர், மலத்தட்டில் போடும் காகித உருண்டைகள் 15. வருடாந்தரப் பரிசோதனையும் தடுப்பூசிகளும் ஒன்றுக்கு 160. படுக்கை, பொம்மை, எண்ணெய் வகையறா வருடம் 100. கூட்டினால் நோய் நொடி இல்லாத ஒரு வருடத்துக்கு 1,080 டாலர். இது எங்கள் ஊர்க் கணக்கு. உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கலாம். ஊருக்குப் போகும்போது விட்டுச்செல்லும் இடத்துக்கு நாளொன்றுக்கு 25 டாலர். ஒரு மாதம் தமிழ்நாட்டில் இருந்துவிட்டு வந்தால் 750. விமான டிக்கெட் போடும்போதே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உணவு விஷயத்தில் நம் வீடுகளுக்கென்று ஒரு சங்கடம் உண்டு. எங்கள் வீடு சைவம். ஃபெரெட்டோ முழு மாமிசபட்சிணி. குடல் மிகக் குட்டை, தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். தானியத்தையும் நார்ச்சத்தையும் அதனால் செரிக்க முடியாது. குறைந்தது 35 சதவீதம் புரதம், அதுவும் இறைச்சிப் புரதம், 20 சதவீதத்தை ஒட்டிய கொழுப்பு இருக்கும் உணவு வேண்டும். நாள் முழுக்கக் கிண்ணத்தில் இருக்க வேண்டும். தயிர்சாதம் போட்டு வளர்த்துவிடலாம் என்று யாராவது நினைத்தால், தயவுசெய்து வாங்க வேண்டாம். எங்கள் வீட்டில் இதற்கென்று தனிக் கிண்ணம், தனிக் கத்தி, கராஜில் தனியாக ஒரு சின்ன ஃபிரிட்ஜ். முதல் தடவை கோழி ஈரலைக் கையால் தொட்டபோது எனக்கு உடம்பு கூசியது. பழகிக்கொண்டேன். அந்த உயிரை நம்மை நம்பி வாழக் கொண்டுவந்த பிறகு, அதன் உடம்பு கேட்பதைத்தான் கொடுக்க வேண்டும்.

மாமியார் பாயசத்து உலர்திராட்சையை எடுத்து ஆசையாக நீட்டுவார். இனிப்பென்றால் மிளகு உயிரை விடும். "ஒண்ணே ஒண்ணுதாம்மா, பாவம்" என்பார். அம்மாவைக் கோபிக்காமல், கணவர் மிளகைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். இனிப்பும் மாவுச்சத்தும் கணையத்தைக் கெடுக்கின்றன என்று மருத்துவர்கள் பலர் சந்தேகிக்கிறார்கள்.

வீட்டைத் தயார் செய்வதில் நாங்கள் கோட்டை விட்டது ரப்பரில். ஃபெரெட் குட்டிகளுக்கு ரப்பரும் ஸ்பாஞ்சும் கண்டால் கடிக்காமல் இருக்க முடியாது. எட்டு மாதக் குட்டியாக இருந்தபோது மிளகு ஒரு மாலை சாப்பாட்டைத் தொடவில்லை. முதுகை வளைத்துக்கொண்டு மூலையில் சுருண்டிருந்தான். காதை அருகே கொண்டுபோனால் பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம். ஃபெரெட் பல்லைக் கடித்தால் வலியில் இருக்கிறது என்று பொருள். அன்று எனக்கு அது தெரியாது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து நான்கு மணி நேரத்தை வீணாக்கினேன். இரவு பதினொரு மணிக்கு அவசரப் பிரிவு, எக்ஸ்ரே, அறுவை சிகிச்சை. குடலில் அடைத்திருந்தது மகளின் இளஞ்சிவப்பு அழிரப்பர். கட்டணம் 2,600 டாலர். அவனை வாங்கிய விலையைப்போல் பத்து மடங்குக்கும் மேல்.

அன்றிலிருந்து பென்சில் பாக்ஸ் சுவர் ஆணியில்தான் தொங்குகிறது. ரப்பர் செருப்பு, டிவி ரிமோட், இயர்ஃபோனின் ரப்பர் முனை எல்லாம் உயரத்துக்குப் போயின. சாய்வு நாற்காலியை விற்றுவிட்டோம்; அதன் இயந்திர மடிப்புக்குள் நுழைந்து நசுங்கிச் சாகும் ஃபெரெட்டுகள் நிறைய. துவைக்கும் இயந்திரத்தை ஓடவிடும் முன் துணிகளைக் கையால் துழாவிப் பார்ப்பது இன்றுவரை பழக்கம். தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும் பிராணி இது. தரையில் படுத்துக்கொண்டு, டார்ச் அடித்து, அடுப்புக்குப் பின்னாலும் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு அடியிலும் உள்ள இடுக்குகளைப் பாருங்கள். அடைக்க வேண்டியதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

அந்த ரசீதுக்குப் பிறகுதான் தனி வங்கிக் கணக்கு ஒன்று தொடங்கினோம். மாதம் 75 டாலர் அதில் தானாகவே போய் விழும். காப்பீடும் விசாரித்தோம். நாய் பூனைக்குக் கொடுப்பவர்கள் எல்லோரும் ஃபெரெட்டுக்குக் கொடுப்பதில்லை; ஏற்கெனவே வந்த நோய்க்குப் பணம் தரமாட்டார்கள். வாங்கிய முதல் மாதமே எடுத்தால் உண்டு. அதைப்போல, ஃபெரெட் பார்க்கும் மருத்துவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். நாய், பூனை மருத்துவர்கள் பலர் இதைத் தொடுவதில்லை. எங்களுடையவர் நாற்பது நிமிடப் பயணத்தில் இருக்கிறார்.

தடுப்பூசியில் மிச்சம் பிடிக்கக் கூடாது. நாய்களுக்கு வரும் டிஸ்டம்பர் நோய் ஃபெரெட்டுக்கு வந்தால் அநேகமாகப் பிழைக்காது. அதற்கு ஒன்று, ரேபிஸுக்கு ஒன்று. சிலவற்றுக்கு ஊசி போட்டதும் ஒவ்வாமை வரும். அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்புங்கள். நம் காய்ச்சலும் அதற்குத் தொற்றும். மனித இன்ஃப்ளுயன்ஸா வைரஸை 1933இல் லண்டன் விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததே ஃபெரெட்டுகளைக் கொண்டுதான். வீட்டில் யாருக்காவது ஃப்ளூ என்றால் அவர்கள் கூண்டுப் பக்கம் போவதில்லை.

நகம் வெட்டுவதுதான் புதியவர்களைப் பயமுறுத்தும். என் முறை இது. மடியில் மல்லாக்கப் படுக்க வைத்து வயிற்று ரோமத்தில் சால்மன் மீன் எண்ணெய் இரண்டு சொட்டு விடுவேன். அது குனிந்து தன் வயிற்றையே நக்கிக்கொண்டிருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் பாதத்தை மெல்லப் பிடித்து விரல்களைப் பிரித்தால் நகம் தெளிவாகத் தெரியும். உள்ளே ரத்தக்கோடு சிவப்பாகத் தெரியும். அதற்கு ஒரு மயிரிழை முன்பே வெட்டி நிறுத்திவிட வேண்டும். கை தவறி ரத்தம் வந்தால் சோளமாவை வைத்து அழுத்தினால் நிற்கும். குளிப்பாட்டுவது வருடத்துக்கு இரண்டு தடவை போதும். நாற்றம் போக வேண்டும் என்று அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் இன்னும் அதிகமாக எண்ணெய் சுரந்து நாற்றம் கூடும். படுக்கைத் துணியை வாராவாரம் துவைப்பதுதான் வழி. கொஞ்சம் கஸ்தூரி வாடை எப்போதும் இருக்கும்.

வெயில் ஆகாது. 27 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே கவனம் வேண்டும். ஒரு ஜூலையில் மின்சாரம் போனபோது, உறையவைத்த தண்ணீர் பாட்டில்களைத் துண்டில் சுற்றிக் கூண்டுக்குள் வைத்து இரவெல்லாம் மாற்றிக்கொண்டிருந்தோம்.

மூன்று வயதுக்கு மேல்தான் ஃபைல் கனக்க ஆரம்பித்தது. 2020இல் பஞ்சுவின் வால் நுனியில் ரோமம் உதிர்ந்து எலிவால்போல ஆனது. அட்ரினல் நோய். அமெரிக்கக் கடைகளுக்கு வரும் ஃபெரெட்டுகளுக்குப் பண்ணையிலேயே மிகச் சிறு வயதில் கருத்தடை செய்துவிடுகிறார்கள். இனப்பெருக்கச் சுரப்பிகள் இல்லாமல் போனாலும் மூளையிலிருந்து வரும் ஹார்மோன் கட்டளை நிற்பதில்லை. அது அட்ரினல் சுரப்பியைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது, சுரப்பி பெருக்கிறது. கருத்தடை செய்யாமல் விடுவதும் தீர்வில்லை. பருவத்துக்கு வந்த பெண் ஃபெரெட் இணை சேராவிட்டால் பருவம் முடியாமல் நீண்டு, எலும்பு மஜ்ஜை கெட்டு ரத்தசோகையில் சாகக்கூடும். பஞ்சுவுக்குத் தோலுக்கடியில் டெஸ்லோரெலின் என்ற மருந்துக்குச்சி வைத்தார்கள். 350 டாலர். இரண்டே மாதத்தில் வாலில் ரோமம் முளைத்தது. ஆனால் மருந்தின் வீரியம் தீர்ந்ததும் மறுபடி வைக்க வேண்டும்.

2021 ஆகஸ்டில் ஒரு காலை மிளகு கூண்டு வாசலில் நின்றபடி எங்கேயோ வெறித்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் திரும்பவில்லை. பின்னங்கால்கள் துவண்டு சரிந்தன. வாயோரம் எச்சில் வழிய, முன்னங்காலால் வாயைப் பிறாண்டிக்கொண்டே இருந்தான். விரலில் தேனைத் தொட்டு ஈறில் தடவினேன். பத்து நிமிடத்தில் தலையைத் தூக்கினான். உடனே இறைச்சிக் கூழ் ஊட்டிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினோம். ரத்தச் சர்க்கரை 48. கணையத்தில் இன்சுலினைக் கொட்டும் கட்டிகள், இன்சுலினோமா. நடுவயதைத் தாண்டிய ஃபெரெட்டுகளுக்குச் சர்வசாதாரணமாக வருவது. தேன் என்பது மயங்கும் அந்த நிமிடத்துக்கு மட்டும்தான். மற்ற நேரத்தில் கொடுத்தால் இன்சுலின் இன்னும் பாய்ந்து சர்க்கரை இன்னும் கீழே போகும். அறுவை சிகிச்சையும் சொன்னார்கள். குடல் அறுவையில் அவன் பட்டதைப் பார்த்திருந்ததால் மருந்தைத் தேர்ந்தெடுத்தோம். நாளுக்கு இரண்டு வேளை பிரெட்னிசலோன், நான்கு மணிக்கொரு தடவை சாப்பாடு, மாதம் மருந்துக்கும் சோதனைக்குமாக 60 டாலர். இரவு இரண்டு மணி அலாரத்துக்குக் கணவரும் நானும் முறை வைத்துக்கொண்டோம்.

அந்தச் சமயத்தில்தான் கணவருக்கு சான் ஹோசேயில் வேலை கிடைத்தது. கலிஃபோர்னியாவில் ஃபெரெட் வளர்க்கச் சட்டம் இடம் தராது. ஹவாயிலும் அப்படித்தான், ஹட்சன் ஆற்றைத் தாண்டினால் நியூயார்க் நகரத்திலும் தடை. விசாவிலும் வேலையிலும் ஊர் ஊராக மாறும் நம் குடும்பங்கள் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும். நோயாளியான ஒருவனை யாரிடம் விட்டுப்போவது? மகள் எதுவும் பேசவில்லை. கணவர் இரண்டு நாள் கழித்து அந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மிளகு மேலும் ஒன்றரை வருடம் இருந்தான். 2023 பிப்ரவரியில் அவன் போனதும், மருத்துவர் சொன்னபடி உடலை ஒரு துண்டில் கிடத்திப் பஞ்சுவிடம் காட்டினோம். காதை நக்கினாள், கழுத்தைக் கவ்வி இழுத்துப் பார்த்தாள், பிறகு விலகிப்போய்ப் படுத்துக்கொண்டாள். காட்டாமல் விட்டால் நாள்கணக்கில் தேடிக்கொண்டே இருக்கும் என்றார் மருத்துவர். அவள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசி ஊசிக்கும் தகனத்துக்கும் 280 டாலர். அந்த ரசீதும் ஃபைலில் இருக்கிறது.

பஞ்சுவுக்கு இப்போது ஏழு வயது. நாளில் பதினெட்டு மணி நேரம் தூக்கம். மாலை ஆறு மணிக்குக் கூண்டைத் திறந்தால், முதுகை வில்லாக வளைத்துப் பக்கவாட்டில் நாலு குதி குதிப்பாள். அடைக்கோழிபோல் தொண்டைக்குள் கொக்கொக்கென்று ஒரு சத்தம். சந்தோஷமாக இருந்தால்தான் ஃபெரெட் அப்படிக் குதிக்கும். இந்த வாரம் மகளின் ஹேர்பேண்டை எங்கேயோ கொண்டுபோய் வைத்திருக்கிறாள். டார்ச்சோடு தேடிக்கொண்டிருக்கிறோம், அதில் ரப்பர் இருக்கிறது.