மெயின்டனன்ஸ் பில்லில் 1,440 ரூபாய் ஜிஎஸ்டி: அசோசியேஷன்கிட்ட எப்படி கேட்கிறது?

வீட்டுக் கடன் பற்றி வீடியோ போட்ட பிறகு, சரவணம்பட்டியில ஃப்ளாட் வாங்கின ஒரு ஐடி தம்பி ஒரு பில்லை அனுப்பியிருந்தார். "அண்ணா, இஎம்ஐகூட சமாளிச்சிடறேன். இந்த மெயின்டனன்ஸ் பில்தான் புரியவே மாட்டேங்குது."

பில்லில் இருந்தது இதுதான்: பராமரிப்புக் கட்டணம் 8,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் 1,440, ஆக மொத்தம் 9,440 ரூபாய்.

முதல்ல சட்டத்தைப் பார்த்துடலாம். குடியிருப்போர் சங்கம் ஒரு உறுப்பினர்கிட்ட மாசம் 7,500 ரூபாய் வரைக்கும் வாங்கினா அதுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. 2018 ஜனவரி வரைக்கும் இது 5,000-ஆ இருந்தது. சங்கத்தோட வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டலைன்னா பதிவே தேவையில்லை; ஆனா நூறு வீடு இருக்கிற இடத்துல அது சுலபமா தாண்டிடும்.

8,000 வாங்கினா எதுக்கு வரி? முழுசுக்கா, மேல இருக்கிற 500-க்கு மட்டுமா? முழுத் தொகைக்கும்னு 2019 ஜூலையில மத்திய மறைமுக வரி வாரியம் சுற்றறிக்கை விட்டது. கிரீன்வுட் ஓனர்ஸ் அசோசியேஷன் உள்ளிட்ட சங்கங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. 2021 ஜூலை 1-ல நீதிபதி அனிதா சுமந்த், 7,500-க்கு மேல போற தொகைக்கு மட்டும்தான் வரின்னு தீர்ப்பு கொடுத்தார்.

அந்தக் கணக்குப்படி தம்பி கட்ட வேண்டியது 90 ரூபாய். கட்டுறது 1,440. வித்தியாசம் மாசம் 1,350, வருஷத்துக்கு 16,200 ரூபாய். ஒரு சின்ன எஸ்ஐபி-யே போடலாம்ங்க!

இப்போ தம்பி என்ன பண்ணியிருப்பார்னு நினைக்கறீங்க? ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்ல "எங்க காசு எங்கே போகுது?"ன்னு போட்டுட்டார். சிரிக்காதீங்க, நானும் இதையே பண்ணவன்தான். லிஃப்ட் ஏஎம்சி தொகையில ஒரு தப்பைக் கண்டுபிடிச்சு, சிஏ-ங்கிற கெத்துல குரூப்ல "கணக்குல குளறுபடி"ன்னு எழுதினேன். பொருளாளர் ரிட்டயர்டு மனுஷன், ஒத்தை ரூபா சம்பளம் இல்லாம கணக்கு எழுதறவர். மூணு மாசம் என் முகத்தையே பார்க்கலை. அந்தத் தப்பும் மூணு மாசம் அப்படியே இருந்தது.

அதனால முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. பொருளாளர் 1,440 போட்டது திருடறதுக்கு இல்லை. சுற்றறிக்கையைப் பார்த்து, நாளைக்கு நோட்டீஸ் வந்தா நம்ம தலையில விழுமேன்னு பயந்து போட்டிருப்பார். நீங்க அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லணும். ஞாயித்துக்கிழமை காலையில நேர்ல போய், "ஏனுங்க சார், ஒரு பத்து நிமிஷம் கெடைக்குங்களா, ஒரு சந்தேகம்"னு ஆரம்பிங்க. நம்ம ஊர்ல இதுக்கு இருக்கிற மரியாதை குரூப் மெசேஜுக்கு கிடையாது. பேசிட்டு அன்னிக்கே கடிதமும் கொடுத்துடுங்க. வாயால சொன்னது மினிட்ஸ்ல ஏறாது. கடிதம் இப்படி இருந்தா போதும்:

"மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, பராமரிப்புக் கட்டணம் 8,000 ரூபாய் முழுவதற்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு மட்டுமே வரி என்று சென்னை உயர் நீதிமன்றம் 1.7.2021 அன்று தீர்ப்பளித்துள்ளது. நகல் இணைத்துள்ளேன். இதுகுறித்து நம் சங்க ஆடிட்டரின் கருத்தை எழுத்துமூலம் பெற்று, அடுத்த கமிட்டி கூட்டத்தில் விவாதித்து முடிவைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

அவ்வளவுதான். இதோட கார் பார்க்கிங், தண்ணி லாரி, தெருநாய் எதையும் சேர்க்காதீங்க. நாலு விஷயம் எழுதினா, அவங்களுக்குச் சுலபமான ஒண்ணுக்கு மட்டும் பதில் வரும். "உடனே பணத்தைத் திருப்பிக் கொடுங்க"ன்னும் கேட்கலை பாருங்க, ஆடிட்டர் கருத்தைத்தான் கேட்டிருக்கோம். அதுக்கு முடியாதுன்னு சொல்றது யாருக்கும் கஷ்டம். மேல்முறையீட்டு நிலவரத்தையும் அந்த ஆடிட்டரே பார்த்துச் சொல்லட்டும். இன்னும் நாலஞ்சு வீட்டுக்காரங்க கையெழுத்து இருந்தா நல்லது. வாடகைக்கு இருக்கறவங்க பெரும்பாலும் உறுப்பினர் கிடையாது, ஓனர்கிட்ட வாங்குங்க. கடிதத்தோட நகல்ல "பெற்றுக்கொண்டேன்"னு தேதியோட கையெழுத்து வாங்க மறக்காதீங்க.

நிறைய பேர் பண்ற தப்பு, கோபத்துல கட்டணத்தை நிறுத்திடறது. வேண்டாம்! தாமத வட்டி ஏறும், வீட்டை விக்கும்போது நோ டியூ சர்டிபிகேட்டுக்கு நிக்கணும். முழுசா கட்டுங்க, "ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்"னு ஒரு ஈமெயில் போட்டுடுங்க.

தள்ளியும் போடாதீங்க. வரின்னு வாங்கின பணத்தை சங்கம் அரசாங்கத்துக்குக் கட்டியே ஆகணும், கையில வச்சுக்க முடியாது. கட்டின பிறகு ரீஃபண்ட் கேட்க பொதுவா ரெண்டு வருஷம்தான் கெடு. நீங்க சும்மா இருக்கிற ஒவ்வொரு மாசமும் பழைய 1,350 ஒண்ணு கைவிட்டுப் போகலாம்.

பதிலே வரலைன்னா? சங்கப் பதிவுச் சான்றிதழைப் பாருங்க. 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல பதிவாகியிருந்தா, மூணுல ஒரு பங்கு உறுப்பினர்கள் சேர்ந்து, பிரிவு 36-ன் கீழ மாவட்டப் பதிவாளர்கிட்ட விசாரணை கேட்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி பொதுக்குழுவுல ஒரு தடவை எழுந்து கேளுங்க. பதிவாளர் வரைக்கும் போயிட்டு, அதே லிஃப்ட்ல அதே பொருளாளர் கூட பத்து வருஷம் ஏறி இறங்கணும் இல்லீங்களா?

தம்பி குரூப் மெசேஜை அழிச்சுட்டு, போன ஞாயிறு பொருளாளர் வீட்டுக்குப் போயிருக்கார். காபி கொடுத்து உட்கார வச்சு, தீர்ப்பு நகலை வாங்கிக்கிட்டாராம். அவங்க ஆடிட்டர் என்ன சொல்றார்னு தெரிஞ்சதும் அடுத்த வீடியோவுல சொல்றேன்.