பால்வெட்டும் பெண்ணுக்குப் பச்சை எதற்கு?

அன்புள்ள தம்பிக்கு,

மண்சிற்ப வகுப்பில் பால்மரம் வெட்டும் பெண் ஒருத்தியைச் செய்யப்போவதாக எழுதியிருந்தாய். நெற்றியில் விளக்கு, கையில் பால் வாளி, தலை முதல் கால் வரை பச்சை கிளேஸ் பூச்சு. சிலை சரி, பச்சைதான் உறுத்துகிறது. கிளேஸ் பூசுவது கடைசி வேலை என்றாலும், எங்கே பூசுவது, எங்கே மண்ணை அப்படியே விடுவது என்பதை மண் பிசைவதற்கு முன்பே முடிவு செய்துவிடு.

மரத்தில் கட்டிப் பால் பிடிக்கும் ரப்பர் தோட்டத்துப் பழைய மங்கு ஒன்று வீட்டில் கிடந்தால் எடுத்துப் பார். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் உள்ளே பளபளப்பு, வெளியே வெறும் மண். உறைந்த கட்டிப்பாலைப் பிடுங்கினால் சுத்தமாகக் கழன்று வர வேண்டும். மண்ணின் துளைகளுக்குள் பால் ஏறிவிட்டால் வராது. அதனால்தான் உள்ளே அந்தப் பூச்சு. சிங்கப்பூர் ஜூரோங்கில் 1940இல் கட்டிய தாவ் குவாங் டிராகன் சூளையில் இத்தகைய மங்குகளையும் சுட்டிருக்கிறார்கள்.

கோலகங்சாரில் கதை நேரெதிர். அங்கே 1877இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. வருகிறவர்கள் அதனோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பேராக் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள சாயோங் கிராமத்தை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. அங்கே செய்யும் லாபு சாயோங் என்கிற கறுப்புச் சுரைக்காய்க் கூஜாவுக்கு கிளேஸே கிடையாது. சுட்ட சூட்டோடு உமியில் புதைக்கிறார்கள்; புகைக்கரி ஏறி மண் கறுக்கிறது. துளைகள் திறந்திருப்பதால் தண்ணீர் மெல்லக் கசிந்து ஆவியாகி, உள்ளே இருப்பது சில்லென்று ஆகிறது. பளபளப்பு வேண்டுமென்று அதற்கு கிளேஸ் பூசினால் குளிர்ச்சி போய்விடும்.

உன் சிலைக்கும் இதே கேள்விதான்: கிளேஸுக்கு அங்கே என்ன வேலை? அது உருகிய கண்ணாடி. சிலிக்கா, அதை உருகவைக்கும் பொருள், வழியாமல் பிடித்து நிறுத்தும் அலுமினா, அவ்வளவுதான். உருகும்போது பள்ளத்தில் தேங்கும், மேட்டில் மெலியும். நீ ஊசியால் கீறிய இமையும் கைலி மடிப்பும் நிரம்பி மொழுமொழுவென்று ஆகிவிடும். மூக்கிலும் கன்னத்திலும் விளக்கொளி பளிச்சிட்டால் முகபாவம் எங்கே தெரியும்? முகத்துக்கும் கைகளுக்கும் இரும்பு ஆக்ஸைடைத் தண்ணீரில் கரைத்துப் பூசி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து விடு. கீறல்களில் மட்டும் கறுப்பு தங்கும். வாளிக்குள் இருக்கும் பாலுக்கு மட்டும் வெள்ளை கிளேஸ் போதும். பார்ப்பவன் கண் நேராக அங்கேதான் போகும்.

உடம்பைக் கெட்டியாக உருட்டி வைத்துவிடாதே. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து வேளார் குயவர்கள் ஆளுயர ஐயனார் குதிரைகளையே உள்கூடாகத்தான் எழுப்புகிறார்கள். கால்கள் குழாய்கள், வயிறு வெற்றிடம். மண்ணில் உமி கலப்பதால் ஈரம் வெளியேற வழி கிடைக்கிறது. உனக்கு ஒரு விரல் தடிமன் போதும். கைலிக்கு அடியில், உள்வெற்றிடம்வரை போகும்படி ஒரு துளை போட்டுவிடு.

ஈப்போவில் மாலை மழை பெய்யும் காலத்தில் மண் மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும். சிலையைக் கன்னத்தில் வைத்துப் பார். சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை. அவசரப்பட்டுச் சூளையில் வைத்தால் ஈரம் நீராவியாகிச் சிலை வெடிக்கும். சில்லுகள் பக்கத்தில் இருப்பவன் வேலையிலும் போய் விழும். வாளியின் கைப்பிடி போன்ற மெல்லிய பகுதிகள் முந்திக் காயும். அவற்றை மட்டும் பிளாஸ்டிக் தாளால் மூடி வை. மண் காய்ந்து சுட்டு முடிவதற்குள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். ஆகவே வாளியும் கையும் ஒரே ஈரப்பதத்தில் இருக்கும்போதே இரண்டிலும் கீறி, மண்குழம்பு தடவி ஒட்டு. காய்ந்த கையில் ஈர வாளியை ஒட்டினால் அது சுருங்கும்போது பிளந்துகொள்ளும்.

முதல் சூடு 1000 டிகிரிவாக்கில் முடிந்ததும் ஈர ஸ்பாஞ்சால் தூசியைத் துடை. நாசி லெமாக் சாப்பிட்ட கையோடு தொடாதே. எண்ணெய் பட்ட இடத்தில் கிளேஸ் ஒட்டாமல் சுருண்டு விலகும், பிறகு வெறும் மண் திட்டாகத் தெரியும். அடிப்பாகத்தில் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது. இருந்தால் சிலை சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும், ஆசிரியர் உளி எடுக்க வேண்டிவரும். கிளேஸ் பொடியைக் கலக்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள். சிந்தியதைப் பெருக்காதே, ஈரத்துணியால் துடை. சிலிக்கா தூசி நுரையீரலுக்கு ஆகாது.

வாளிப் பாலுக்கான வெள்ளை கிளேஸை நேராகச் சிலையில் பூசிப் பார்க்காதே. அதே மண்ணில் சின்ன வில்லைகள் செய்து, ஒன்றில் ஒரு பூச்சு, இன்னொன்றில் இரண்டு, மற்றொன்றில் மூன்று என்று பூசி, நிமிர்த்தி வைத்துச் சுடச் சொல். எது வழிகிறது, எது பால் போல் நிற்கிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா