கோடிக்கரைக்கு ஒருமுறை

கேள்வி: இயற்கையை அனுபவிக்க மலைவாசஸ்தலங்களுக்குத்தானே போக வேண்டும்? கடற்கரையில் மணலையும் சுண்டலையும் தவிர என்ன இருக்கிறது? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: சுண்டலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆயினும், வங்கக் கடலை ஒட்டித் தெற்கு நோக்கி வந்த கரை சட்டென்று மேற்கே திரும்பும் கோடிக்கரைக்கு, ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்த பின் ஒருமுறை போய் வந்தீர்களானால், இந்தக் கேள்வியை நீங்களே வாபஸ் வாங்கிக்கொள்வீர்கள். வேதாரண்யத்திலிருந்து சொற்ப தூரம்தான். 1967-இல் சரணாலயமாக்கப்பட்ட அப்பிரதேசத்தில், பசுமை மாறாத உலர்காடும் புல்வெளியும் உவர்நிலமும் அடுத்தடுத்து அமைந்திருக்க, முறுக்கிய கொம்புடைய கரிய வெளிமான் கலை ஒன்று, பழுப்பு நிறப் பிணைகளை முன்னே மேயவிட்டு, கடற்காற்றில் தலைநிமிர்ந்து நிற்கும் கம்பீரத்தை எந்த மலையில் காண்பீர்கள்?

அங்கே காணும் பூநாரை இரை தேடும் விதமோ அதனினும் விசேஷமானது. ஆழமற்ற உவர்நீரில் நின்று, நெடிய கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாக ஜலத்தில் அமிழ்த்தி, நாவினால் நீரை உள்ளிழுத்து வெளித்தள்ளி, அலகின் ஓரத்துச் சல்லடை போன்ற தகடுகளில் தங்கும் சிற்றுயிர்களையும் பாசியையும் மாத்திரம் அது விழுங்குகிறது. அதன் இளஞ்சிவப்பு வர்ணமும் அந்த ஆகாரத்தால் வந்ததே.

மார்கழி, தை மாதங்களில் அதிகாலையில் செல்லுங்கள். தொலைநோக்கி இருந்தால் உடன் கொண்டு போங்கள். பாட்டுப்பெட்டியை மட்டும் தயவுசெய்து வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.