பழைய எஞ்சின் சாமான்: எடைக்குப் போடுமுன் சோதித்துப் பாருங்கள்



மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் நம்ம பிள்ளைகள் பலபேர் ஓட்டோ ஓட்டுகிறார்கள். இறத்தோட்டை, எல்கடுவ ஏற்றங்களில் ஓடுகிற வண்டிக்கு எஞ்சின் வேலை வராமல் இருக்காது. கழற்றிய சாமானோ பழைய இரும்போடு கிலோக் கணக்கில் போய்விடுகிறது. ஆனால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இதே சாமானை ஒவ்வொன்றாக விலைபேசி விற்கிறார்கள். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல்தான் திரும்பத் திறந்தது. அந்தக் காலத்தில் பழைய பாகங்களின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது.

இரும்புக்கும் பாகத்துக்கும் உள்ள வித்தியாசம் சோதனைதான். சோதிக்காமல் விற்ற சாமான் நடு ஏற்றத்தில் கைவிட்டால், அந்த ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிற தாயின் கதி என்ன? ஆகவே கீழே உள்ளதைப் படித்து, கராஜில் பாஸ் ஒருவரைப் பக்கத்தில் வைத்துப் பழகுங்கள்.

1. கழற்றுமுன்: எஞ்சினைச் சூடாக்கி நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றி, கொம்ப்ரஷன் மீட்டர் வைத்து, எக்சலேட்டரை முழுக்கத் திறந்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். அளவு குறைவாக இருந்தால் பிளக் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். அளவு ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட் பக்கம் கோளாறு.

2. சிலிண்டர் ஹெட்: வால்வும் பிளக்கும் பூட்டியபடியே கவிழ்த்து வைத்து, எரியும் குழியில் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். சில நிமிடத்தில் காற்றுப்பாதையில் கசிந்தால் வால்வு சரியாக உட்காரவில்லை. பிறகு துடைத்து, நேரான இரும்பு அடிமட்டத்தைக் குறுக்கே வையுங்கள். சிறிய எஞ்சின் பலவற்றில் 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் தகடு அடியில் நுழைந்தாலே ஹெட் வளைந்தது என்று அர்த்தம்.

3. சிலிண்டர், பிஸ்டன்: உள்சுவரில் நகத்தை ஓட்டுங்கள், நகம் தட்டினால் கீறல் உண்டு. பிஸ்டன் தலையில் 0.25, 0.50 என்று இருந்தால், அது போரிங் செய்த சிலிண்டருக்கு உரியது. இரண்டையும் சேர்த்தே விற்க வேண்டும்.

4. கொனெக்டிங் ரொட்: பக்கவாட்டில் கொஞ்சம் அசையலாம். மேலும் கீழும் ஆடினால் அது இரும்புக்குத்தான்.

5. காயில்: மல்டிமீட்டரில் ஓம் அளவை எடுத்து வண்டிப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். சில காயில் குளிரில் நல்லாயிருந்து, சூடானதும் செத்துவிடும். அதனால் ஓடுகிற எஞ்சினில் பூட்டி, நன்றாகச் சூடாகும்வரை பார்த்தே விற்க வேணும்.

6. காபுரேட்டர்: மிதவையைக் காதோடு வைத்து ஆட்டுங்கள். உள்ளே பெற்றோல் சத்தம் கேட்டால் ஓட்டை. ஜெட் துவாரத்தில் கம்பி குத்தாதீர்கள், துவாரம் பெரிதாகிவிடும், காற்றடித்தால் போதும்.

விற்கவே கூடாதவை: கேஸ்கட், ஒயில் சீல், பழைய ரிங், பிரேக் ரப்பர், தேய்ந்த பிரேக் ஷூ. இவை உயிரோடு விளையாடும் சாமான்.

கழுவுகிற வேலையை லயத்துக்குள், அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். ஓடையிலும் கழுவக் கூடாது. நம்ம மலையின் பல ஓடைகள் சுது கங்கையில் சேருகின்றன. அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் கீழே இருக்கிறார்கள். அழுக்கு எண்ணெயை ஒரு டின்னில் சேர்த்து கராஜில் கொடுங்கள்.

சுத்தமான பாகத்துக்கு மெல்லிசாக ஒயில் தடவி, பொலித்தீனில் சுற்றி, ஒரு துண்டு கட்டுங்கள். எந்த வண்டி, என்ன அளவு, என்ன சோதனை, என்ன குறை என்று அதில் எழுதுங்கள். குறையை மறைக்காமல் எழுதினால் விலை கொஞ்சம் குறையும். ஆனால் வாங்கினவர் திரும்பி வருவார். சாமான் வாங்கும்போது யார் வண்டியில் கழற்றியது என்று கேட்டு, கையெழுத்தோடு துண்டு வாங்கி வையுங்கள். திருட்டுச் சாமான் என்று தெரிந்தே வாங்கினால் வாங்கினவரும் குற்றவாளிதான்.

பயிற்சி: வீட்டில் கிடக்கும் பழைய பாகம் ஒன்றை எடுத்து, அதற்குரிய துண்டை எழுதிப் பாருங்கள். சோதனை என்ற இடத்தில் எழுத எதுவும் இல்லையென்றால், அது இன்னும் விற்பனைக்குத் தயாராகவில்லை.